வேல்ஸ் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டு என்றால் அது 1966 தானா?

வாசகர் கேள்வி | 2026 பிப்ரவரி 3

20ஆம் நூற்றாண்டு வேல்ஸ் பற்றிச் சின்னதாக ஒரு தொடர் எழுத நினைக்கிறேன். ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி எழுதலாம் என்று திட்டம். தனிச் சட்டமன்றத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்த 1997 தான் பொருத்தமான ஆண்டு என்பது என் எண்ணம். 1966 என்று நீங்கள் முன்பு ஒரு பதிவில் சொல்லியிருந்தீர்கள். அது ஒரு சுரங்க விபத்து நடந்த ஆண்டு, அவ்வளவுதானே?

பிப்ரவரி 3, இரவு

அவ்வளவு மட்டும் இல்லை. "விபத்து" என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

1966இல் நடந்தவற்றை முதலில் வரிசையாகப் பாருங்கள். மார்ச்சில் கிளவெடாக் அணை கட்டும் இடத்தில் குண்டு வெடித்தது. ஜூலையில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி முதன்முறையாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பெற்றது. செப்டம்பரில் செவர்ன் பாலம் திறந்தது. அக்டோபரில் அபர்வான் ஊரில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளியைப் புதைத்தது. இவற்றில் எதையும் தனியாக எடுத்துவைக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

பிப்ரவரி 4

சரி, ஜூலையிலிருந்து தொடங்குகிறேன்.

கார்மார்த்தன் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் மேகன் லாய்ட் ஜார்ஜ், முன்னாள் பிரதமர் டேவிட் லாய்ட் ஜார்ஜின் மகள். பல காலம் லிபரலாக இருந்து தொழிற்கட்சிக்கு மாறியவர். 1966 மார்ச் பொதுத்தேர்தலில் நோயால் பிரசாரத்துக்கே வர முடியவில்லை, ஆனாலும் எளிதாக ஜெயித்தார். மே மாதம் இறந்துபோனார். ஜூலை 14 இடைத்தேர்தல்.

பிளைட் கம்ரி சார்பில் நின்றவர் குவின்ஃபோர் எவன்ஸ். 1945 முதல் கட்சித் தலைவர், தொழில் தோட்டக்காரர், லங்காடாக் ஊரில் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி விளைவித்தவர். மார்ச்சில் அவருக்குக் கிடைத்தது 7,416 வாக்கு, மூன்றாம் இடம். நாலே மாதத்தில் அது 16,179 ஆனது. தொழிற்கட்சியின் குவிலிம் பிரைஸ் டேவிஸ் 13,743. வித்தியாசம் 2,436.

கட்சி தொடங்கியது 1925இல். நாற்பத்தோரு ஆண்டு ஒரு பொதுத்தேர்தல் விடாமல் தோற்று, டெபாசிட்டை இழந்து, திரும்பத் திரும்ப நின்ற கட்சி. முடிவு தெரிந்தது நள்ளிரவு தாண்டி. அதனால்தான் சில நூல்களில் வெற்றி 14ஆம் தேதி என்றும் சிலவற்றில் 15 என்றும் இருக்கும். கார்மார்த்தன் நகர மண்டபத்து முன் திரண்ட கூட்டத்தின் படத்தைப் பார்த்திருக்கிறேன். கிராமத்து மனிதர்கள், கோட்டும் தொப்பியுமாக, அந்த நேரத்திலும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் ஒரு கட்சியின் வெற்றி என்பதைவிடப் பெரிய ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று புரியும்.

பிப்ரவரி 4, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. தோற்ற குவிலிம் பிரைஸ் டேவிஸும் வெல்ஷ் பேசுபவர், மொழிப்பற்று மிகுந்தவர், இளமையில் வேல்ஸ் குடியரசு இயக்கத்தில் இருந்தவர். அதனால் கார்மார்த்தனை "வெல்ஷ் எதிர் ஆங்கிலம்" என்று எழுதிவிடாதீர்கள். வேல்சை நேசித்த இரண்டு பேர், எந்த வழியாகப் போவது என்பதில் மட்டும் வேறுபட்டவர்கள், மோதிய தேர்தல் அது.

பிப்ரவரி 6

"தொழிற்கட்சியின் கோட்டை திடீரென்று எப்படி விழுந்தது?" என்று கேட்டவருக்கு.

அது கோட்டையே இல்லை. 1957 வரை லிபரல்களின் தொகுதி. ஒரு பகுதி பால்மாட்டுப் பண்ணைகள், இன்னொரு பகுதி நிலக்கரி எடுத்த பள்ளத்தாக்குகள். இரண்டு பகுதிகளிலும் அப்போது பெரும்பாலும் வெல்ஷ் தான் பேச்சு.

ஆனால் நூல்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் ஒரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1960களின் தொடக்கத்தில் சுவான்சீ நகராட்சி தண்ணீருக்காக குவென்ட்ரைத் ஃபாக் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டது. நீருக்குள் போகவிருந்த நிலம் லங்கின்டைர்ன் ஊர்க்காரர்களுடையது. அவர்கள் என்ன செய்தார்கள்? வயல் வாயில்களைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பண்ணை இயந்திரங்களை வழியில் நிறுத்தினார்கள். அளவெடுக்க வந்தவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. கடைசியில் சுவான்சீ திட்டத்தைக் கைவிட்டு வடக்கே பிரையான் பக்கம் போனது. அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் நீரில் மூழ்காத நிலமாக இருக்கிறது.

அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றவர்களில் குவின்ஃபோரும் ஒருவர். எதிர்த்து நின்றால் ஜெயிக்க முடியும் என்பதைக் கண்ணால் கண்ட மக்கள் அந்த மாவட்டத்தில் இருந்தார்கள். லிவர்பூலின் தண்ணீருக்காக அணை கட்டி ஓர் ஊரை மூழ்கடித்த ட்ரவெரினில் தோற்றதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். லங்கின்டைர்னில் ஜெயித்ததைப் பற்றியும் உங்கள் தொடரில் ஓர் அத்தியாயம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 7

நாடாளுமன்றத்துக்குப் போன குவின்ஃபோர், உறுதிமொழியை வெல்ஷ் மொழியிலும் எடுக்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். மறு ஆண்டே, 1967இல், நீதிமன்றங்களில் வெல்ஷ் பேச உரிமை தரும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கான பரிந்துரை 1965லேயே வந்துவிட்டது என்பதால் எல்லாப் புகழையும் இடைத்தேர்தலுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கிடப்பில் கிடந்த கோப்பை எடுக்க வைத்தது ஜூலை 14 தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10

அபர்வான் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. பாதிப் பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். மெர்தர் டிட்வில் நகருக்குத் தெற்கே, தாஃப் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அபர்வான். மேலே மலையில் சுரங்கக் கழிவைக் கொட்டி உயர்த்திய மேடுகள். ஏழாவது மேட்டில் 1958இலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் அடியில் நீரூற்று. பல நாள் மழை. காலை ஒன்பதே காலுக்கு மேடு வழுகி இறங்கியது. பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பள்ளியும் பக்கத்து வீடுகளும் புதைந்தன. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலும் ஏழு முதல் பத்து வயது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது நடந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்து பாடம் தொடங்கும் நேரம். நான்சி வில்லியம்ஸ் என்ற பெண் அந்தப் பள்ளியில் மதிய உணவுக் காசு வசூலித்துக்கொண்டிருந்தார். கழிவு உள்ளே பாய்ந்தபோது ஐந்து பிள்ளைகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டார். ஐந்து பேரும் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

கீழே ஊரில் பனிமூட்டம், மலைமேல் வெயில். மேட்டில் வேலை செய்தவர்கள் அது நகர்வதைக் கண்ணால் பார்த்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோண்டினார்கள். தங்கள் பிள்ளைகளையே தோண்டினார்கள். பதினொரு மணிக்குப் பிறகு ஒருவரும் உயிரோடு கிடைக்கவில்லை.

கார்டிஃபில் குடியேறிய புதிதில் ரயிலில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. பிறகு ஒரு முறை இறங்கினேன். பள்ளி இருந்த இடம் இப்போது நினைவுத் தோட்டம். மலைச்சரிவில் கல்லறை, வரிசையாக வெள்ளை வளைவுகள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. அங்கே நின்றபோது என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது: கீழே பள்ளி இருப்பது தெரிந்தும் மேலே கொட்ட யாருக்கு மனம் வந்தது? அந்தக் கேள்வியோடுதான் விசாரணை அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 11

மேட்டிலிருந்த தொலைபேசிக் கம்பியைத் திருடர்கள் அறுத்துப்போயிருந்தார்கள், அது இருந்திருந்தால் எச்சரித்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கம்பி திருடுபோனது உண்மை. ஆனால் தொலைபேசி வேலை செய்திருந்தாலும் உயிர்களைக் காப்பாற்றியிருக்க நேரம் போதாது என்று விசாரணை ஆயம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தக் கதையைப் பரப்ப வேண்டாம். பழி திருடன் மேல் போய்விடுகிறது.

பிப்ரவரி 11, இரவு

"விபத்து" என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சொல்கிறேன்.

1963இல் மெர்தர் நகராட்சிப் பொறியாளர் ஒருவர் கடிதம் எழுதினார். பாண்ட்கிளாஸ் பள்ளிகளுக்குப் பின்னால் கொட்டும் நிலக்கரிச் சேற்றால் ஆபத்து என்பதுதான் அதன் பொருள் வரி. 'பாண்ட்கிளாஸ்' என்று பெயரே இருக்கிறது. கடிதம் சுரங்கங்களை நடத்திய அரசு அமைப்பான நிலக்கரி வாரியத்துக்குப் போனது. அங்கிருந்து பதில் வந்தது, பேச்சு நடந்தது, கொட்டுவது நிற்கவில்லை. பள்ளியில் வெள்ளநீர் ஏறுவதாகத் தாய்மார்கள் கொடுத்த மனுவைத் தலைமை ஆசிரியை ஆன் ஜென்னிங்ஸ் மேலே அனுப்பிவைத்தார். அந்தப் பள்ளியிலேயே அவரும் இறந்தார்.

மேடு சரிந்த பிறகு வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு, யாருக்கும் தெரியாத ஊற்றால் இது நடந்தது என்றார். ஊரில் சின்னப் பையன்களுக்குக்கூட அந்த ஊற்று தெரியும். அரசாங்க நிலவரைபடத்திலேயே இருந்தது. அவர் வந்ததும் தாமதமாகத்தான். சரே பல்கலைக்கழக வேந்தராகப் பதவியேற்கும் விழா இருந்தது, அதை முடித்துவிட்டுத்தான் அபர்வான் வந்தார்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை 76 நாள் நடந்தது, 136 பேர் சாட்சி சொன்னார்கள். 1967 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பழி தேசிய நிலக்கரி வாரியத்துடையது, காரணம் கொடுமைக் குணம் அல்ல, அறியாமையும் திறமையின்மையும் தகவல் சொல்லத் தவறியதும் என்று எழுதினார். ஒருவர் மேலும் வழக்கு இல்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை.

இறப்பு விசாரணையில் ஒரு தந்தை எழுந்து, என் பிள்ளை நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுங்கள் என்று கேட்டார். 76 நாள் விசாரணை வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் மூன்றாம் நாளே வந்துவிட்டார்.

பிப்ரவரி 13

செவர்ன் பாலத்தை மறந்துவிட்டேனா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

1966 செப்டம்பர் 8இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அதுவரை காரில் தெற்கு வேல்ஸ் போக வேண்டுமென்றால் குளோஸ்டர் வரை சுற்ற வேண்டும், அல்லது ஆஸ்ட் கரையில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பாலம் திறந்ததோடு படகு நின்றது. நடுத்தாவு 988 மீட்டர். "இங்கிலாந்தையும் வேல்சையும் இணைக்கும் பாலம்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். உண்மையில் செவர்ன் பாலத்தின் இரண்டு முனையும் இங்கிலாந்தில்தான். எல்லையைத் தாண்டுவது அதை ஒட்டி உள்ள வை ஆற்றுப் பாலம். சுங்கமும் இங்கிலாந்துக் கரையில்தான் வாங்கினார்கள். பிற்காலத்தில் வேல்ஸ் நோக்கிப் போகும்போது மட்டும் கட்டணம், வெளியே போகும்போது இல்லை என்று ஆக்கினார்கள். 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். நான் வந்த புதிதில் பிரிஸ்டலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 15

இந்த இழையில் வந்த மிக முக்கியமான கருத்து இது, அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஒருவர் கேட்கிறார்: "ட்ரவெரின் அணை திறப்பு விழா 1965 அக்டோபர் 21. அபர்வான் 1966 அக்டோபர் 21. சரியாக ஓராண்டு. வேல்சை இங்கிலாந்து எப்படி நடத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

தேதி சரி. ட்ரவெரினும் பெரிய அநியாயம்தான். லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் ஊரையே மூழ்கடித்தார்கள். வீடு, பள்ளி, தபால் நிலையம், வழிபாட்டு இல்லம், இடுகாடு எல்லாம் நீருக்குள் போயின. வேல்ஸ் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. 2005இல் லிவர்பூல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது.

ஆனால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட எனக்குச் சம்மதமில்லை. ட்ரவெரினில் எதிரி வெளியே இருந்தான், பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. அபர்வானில் அப்படி இல்லை. நிலக்கரி வாரியம் யாருடையது? 1947இல் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபோது, இனி மக்கள் சார்பில் நடக்கும் என்று வாயிலில் பலகை வைத்தார்கள். பள்ளத்தாக்குகளே கேட்டு, போராடி, வாங்கிய நாட்டுடைமை அது. கடிதப் போக்குவரத்தில் இருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். நகராட்சி தொழிற்கட்சி. அரசு தொழிற்கட்சி. விசாரணை நடத்திய எட்மண்ட் டேவிஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மவுண்டன் ஆஷ் ஊரில் பிறந்தவர். வேல்ஸ் அமைச்சராக இருந்த கிளெட்வின் ஹியூஸ் வெல்ஷ் பேசுபவர்.

அதனால்தான் வலி இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். தாங்கள் நம்பி வளர்த்த அமைப்பே தங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ட்ரவெரின் வேல்சுக்குக் கோபத்தைக் கொடுத்தது. அபர்வான் கொடுத்தது வேறு. தன் வீட்டுப் பெரியவர்கள் மேல் வைத்த நம்பிக்கை போய்விட்டது. 1966ஐ நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். கார்மார்த்தன் வெற்றி இந்த ஆண்டின் பெருமை, அபர்வான் இந்த ஆண்டின் கேள்வி, அந்தக் கேள்வி வேல்சுக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வி.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் பயமாக இருக்கிறது. 116 பிள்ளைகளை ஓர் அரசியல் வாதத்துக்குச் சான்றாக நிறுத்துகிறோமோ என்று. அங்கே பெற்றோர் பலர் அதைத்தான் வெறுத்தார்கள்: எல்லோரும் வந்து எங்கள் துக்கத்தை எடுத்துப்போகிறார்கள் என்று. தொடரில் எழுதும்போது அபர்வானை அபர்வானாகவே முதலில் எழுதுங்கள். அரசியல் அதற்குப் பிறகு வரட்டும்.

பிப்ரவரி 18

பெயர்க் குழப்பம் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1966 ஆகஸ்டில் வெல்ஷ் மொழிக் கவிதை, இசை விழாவான தேசிய ஐஸ்தெத்வத் அபர்வானில் நடந்ததாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விழா நடந்தது அபராவனில், போர்ட் டால்பட் இரும்பாலைப் பக்கம். வேறு ஊர், வேறு ஆறு.

அந்த விழாவைப் பற்றியே தனி இழை போடலாம். மரபுச் செய்யுளுக்குப் பரிசாகத் தரும் நாற்காலியை வென்றவர் டிக் ஜோன்ஸ். வாழ்நாள் முழுக்க அபர்போர்த் பக்கம் விவசாயம் பார்த்தவர். அவர் எழுதியது அறுவடையைப் பற்றிய நெடும்பாட்டு. கங்கானெத் என்பது அவர்களின் கட்டுப்பாடான யாப்பு. ஒவ்வோர் அடிக்குள்ளும் மெய்யெழுத்துகள் வரிசை மாறாமல் திரும்ப வர வேண்டும், அல்லது உள்ளேயே இயைபு அமைய வேண்டும், சில வகைகளில் இரண்டும் வேண்டும். நம் மோனை, எதுகை தெரிந்தவர்களுக்கு அதன் கடினம் உடனே புரியும். டிராக்டர் ஓட்டுபவர் அதில் நூற்றுக்கணக்கான அடி எழுதி, எழுத்தறிந்தவர்கள் தலையாட்டும்படி முதலிடம் பெறுகிறார். அந்தச் சமூகத்தில் கவிதை எங்கே உட்கார்ந்திருந்தது என்று பாருங்கள். 2008இல் அவரே விழாவின் தலைமைப் புலவரானார்.

எரியும் உலைக்குப் பக்கத்தில், பாதி ஊர் ஆங்கிலம் பேசும் இடத்தில், முழுக்க வெல்ஷ் மொழியில் ஒரு வாரம். 1966 துக்க ஆண்டு மட்டும் இல்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

பிப்ரவரி 18, இரவு

விளையாட்டுப் பிரியர்கள் விட மாட்டார்கள் என்று தெரியும். நான்டிமோயல் சுரங்கத் தொழிலாளி மகன் லின் டேவிஸ், 1964 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நீளம் தாண்டுபவர், 1966இல் கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியிலும் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியிலும் தங்கம் வாங்கினார். ரக்பியில் வேல்ஸ் ஐந்து நாடுகள் போட்டியை வென்றது. டிசம்பர் 3இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பாரி ஜானும் ஜெரால்ட் டேவிஸும் முதன்முறையாக ஆடினார்கள், வேல்ஸ் தோற்றது. ஆனால் 1970களின் பொற்கால அணியின் விதை அங்கே விழுந்தது. அதே டிசம்பரில் பான்டிபிரித் பக்கத்து டாம் ஜோன்ஸ் பிரிட்டன் பாட்டு வரிசையில் முதலிடம். அபர்வானுக்கு ஆற்று வழியே கொஞ்சம் கீழேதான் அவர் ஊர்.

பிப்ரவரி 21

பணம்.

உலகம் முழுவதும் இருந்து ஏறக்குறைய 90,000 நன்கொடைகள் வந்தன, மொத்தம் சுமார் 17.5 லட்சம் பவுண்டு. பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு 5,000 பவுண்டு கொடுக்கலாம் என்று நிதிக்குழு முன்வந்தபோது, அறக்கட்டளை ஆணையம் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நான் நூலை மூடிவைத்துவிட்டேன். பெற்றோர் அந்தப் பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று விசாரித்து உறுதிசெய்துகொண்டு கொடுங்கள் என்றார்கள். நிலக்கரி வாரியம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது 500 பவுண்டு.

இன்னும் இருக்கிறது. மலைமேல் மிச்ச மேடுகள் அப்படியே நின்றன. அவற்றை எடுங்கள் என்று பெற்றோர் கெஞ்சினார்கள். பயமில்லை, எடுக்க வேண்டாம் என்றார்கள் அதிகாரிகள். ஊர்க்காரர்கள் கழிவை அள்ளிக்கொண்டு போய் கார்டிஃபில் வேல்ஸ் அலுவலகத்தில் கொட்டினார்கள். கடைசியில் எடுக்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் செலவில் 1,50,000 பவுண்டு நன்கொடை நிதியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அப்போது வேல்ஸ் அமைச்சர் ஜார்ஜ் தாமஸ், அவரும் தெற்கு வேல்ஸ் மனிதர், சுரங்கக் குடும்பம். அந்தப் பணத்தை 1968இல் எடுத்தார்கள். கொன்றவர்கள் விட்டுவைத்த மேட்டை அகற்ற, செத்த பிள்ளைகளுக்காக வந்த காசு.

இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 22

"அபர்வான் கோபத்தால்தான் குவின்ஃபோர் ஜெயித்தார்" என்பது தவறு. அவர் ஜெயித்தது ஜூலை, மேடு சரிந்தது அக்டோபர். ஆனால் அதற்குப் பிறகு பள்ளத்தாக்குகளில் என்ன ஆனது என்பது வேறு கதை. 1967 மார்ச்சில் ரொண்டா மேற்கு இடைத்தேர்தல், தொழிற்கட்சி வித்தியாசம் 2,306க்குச் சுருங்கியது. 1968இல் கெர்ஃபிலி, 1,874. அசைக்கவே முடியாது என்று நினைத்த தொகுதிகள் இவை. 1976இல் மெர்தர் நகராட்சியே பிளைட் கம்ரி கைக்குப் போனது. சுரங்கங்கள் மூடப்பட்டதும் காரணம், எல்லாவற்றையும் அபர்வான் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மெர்தருக்கு மட்டும் அது பொருந்தும் என்று துணிந்து சொல்வேன்.

பிப்ரவரி 24

மெர்தர் உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸ் பற்றி ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். அவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, வயதானவர், தன் கட்சியையே எதிர்த்து வேல்சுக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டவர். விசாரணையில் அவர் சொன்னது: அந்த மேடு சரியலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் பெரிதாகக் கிளப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று பயந்தேன்.

இதைக் கோழைத்தனம் என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அந்த வருடங்களில் வேல்ஸ் முழுக்கச் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அந்த மேட்டில் கழிவு கொட்டிய மெர்தர் வேல் சுரங்கம் போனால் ஊரில் வேறு வேலை இல்லை. மேட்டைப் பற்றிப் பேசினால் சோறு போய்விடும் என்ற பயம் அவருக்கு மட்டும் இல்லை, சங்கத்துக்கும் இருந்தது, பல வீடுகளுக்கும் இருந்தது. ஒரே தொழிலை நம்பி ஓர் ஊரை விட்டுவிட்டால் அந்த ஊரால் தன் ஆபத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. எனக்கு இது 1966இன் மிகக் கொடிய உண்மை. 1970இல் வயதைக் காரணம் காட்டிக் கட்சி அவரை ஒதுக்கியது. அவர் தனியாக நின்றார். மெர்தர் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அவரை எப்படி எடைபோடுவது என்பதை அந்த மக்களே தீர்மானித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து 1997ஐ விட மனமில்லை என்கிறார். விட வேண்டாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 1997இல் வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ், மாக்கென் ஊர்க்காரர். அபர்வான் நிதியிலிருந்து எடுத்த 1,50,000 பவுண்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டவர் அவர். வட்டி இல்லை, விலைவாசி உயர்வுக்கும் எதுவும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18 வாக்கெடுப்பை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். ஆதரவு 50.3 சதவீதம், வித்தியாசம் 6,721. இரவு முழுக்க எதிர்ப்பு முன்னணியில் இருந்தது. கடைசியாக முடிவு சொன்ன மாவட்டம் கார்மார்த்தன், அதுதான் தட்டைத் திருப்பியது. மெர்தரும் ஆதரவுதான்.

அப்படி உருவான வேல்ஸ் அரசுதான் 2007இல் அபர்வான் அறக்கட்டளைகளுக்கு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

பிப்ரவரி 28

கடைசியாக வந்த கேள்வி: அந்த மேடுகள் இப்போது பத்திரமா?

அபர்வானில் எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் நிறைய நிற்கின்றன. வேல்சில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவு மேடுகள் 2,500க்கு மேல். 1969இல் வந்த சட்டம் இயங்கும் சுரங்கங்களின் மேடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுரங்கங்கள் மூடியபின் மேடுகளுக்கு யார் பொறுப்பு என்பது சிக்கலாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மேட்டின் ஒரு பகுதி ரொண்டா ஆற்றுப்பக்கம் சரிந்தது. 2024 நவம்பரில் பெர்ட் புயலின்போது கும்டிலரியில் சேறு வீடுகளுக்குள் வந்தது. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் செய்தி வந்த நாளில் என்னோடு வேலை பார்க்கும் பள்ளத்தாக்குப் பெண் ஒருவர் தொலைபேசியைக் கீழே வைக்கவே இல்லை, அம்மா வீடு மேட்டுக்குக் கீழே.

2025இல் வேல்ஸ் சட்டமன்றமான செனெத் இதற்கென்று புதுச் சட்டம் போட்டது, கைவிடப்பட்ட மேடுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்க. மேடுகளின் வரைபடத்தையும் வேல்ஸ் அரசு வெளியிட்டிருக்கிறது. கார்டிஃபுக்கு வடக்கே வீடு பார்ப்பவர்கள் இந்த இழையைப் படித்தால், வாங்குவதற்கு முன் அந்த வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள்.